தக்காளி மட்டிச் சூப்: கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா?

1981இல் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 3 பேர் பிழைக்கவில்லை. 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்சத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கடல் உணவைச் சமைக்கத் தெரியாத ஊர்கள் அல்ல இவை. சமையலால் போக்க முடியாத ஒரு நஞ்சு அந்தச் சதைக்குள் இருந்தது.

சேலம் மாவட்டச் சங்ககிரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடல் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஆனால் சேலத்திலிருந்து கொச்சி போகும் தேசிய நெடுஞ்சாலை 544 ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. லாரித் தொழிலில் வாழும் ஊர் இது. கொச்சியில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் தெர்மோகோல் பெட்டியோடு மட்டியும் வந்து இறங்கலாம். உறைந்த பாக்கெட்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. செல்போனில் பார்த்த வெளிநாட்டுச் சமையலைச் செய்து பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு இருக்கிறது. அப்படி வீட்டுக்குள் வரக்கூடிய ஒன்றுதான் தக்காளி மட்டிச் சூப்.

அமெரிக்காவில் இதை மன்ஹாட்டன் கிளாம் சவுடர் என்பார்கள். பாலும் கிரீமும் சேர்த்த வெள்ளைச் சூப் நியூ இங்கிலாந்துக்காரர்களுடையது. தக்காளி சேர்த்த சிவப்புச் சூப்பைப் பார்த்தாலே அவர்களுக்கு ஆகாது. சவுடரில் தக்காளி சேர்ப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று 1939இல் மெய்ன் மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவர் மசோதாவே தயாரித்தார். நம் நாக்குக்குச் சிவப்பு வகைதான் பொருந்தும். புளிப்பும் மிளகும் சேர்ந்தால் ரசத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். செய்து சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் இந்தச் சூப்பின் பாதுகாப்பில் பெரும்பங்கு அடுப்பில் இல்லை, வாங்கும் இடத்தில் இருக்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

மட்டி ஓடிப்போய் இரை தேடாது. இருந்த இடத்திலேயே தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்று வாழும். தண்ணீரில் சாக்கடை கலந்தால் அதன் கிருமிகளும், நச்சுப்பாசி பெருகினால் அதன் நஞ்சும், ஆலைக்கழிவு கலந்தால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் சதையில் சேர்ந்துவிடும். இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

கிருமிகளைச் சமையல் கொல்லும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ, வாந்தி பேதி தரும் நோரோ வைரஸ், விப்ரியோ பாக்டீரியா எல்லாம் இந்த வகை. சதையின் உள்பகுதி 90 டிகிரி செல்சியஸில் 90 நொடி இருக்க வேண்டும் என்பது அளவுகோல். ஓடு வாய் திறந்ததும் இறக்கிவிட்டால் இந்தச் சூடு உள்ளே போய்ச் சேர்ந்திருக்காது. கல்லீரல் பாதிப்பு, சர்க்கரை நோய், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு விப்ரியோ உயிருக்கே உலை வைக்கலாம்.

பாசி நஞ்சு அப்படியல்ல. சாக்சிடாக்சின் எனப்படும் இது நரம்புகளை முடக்குவது. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. கொதித்தாலும் உறைந்தாலும் போகாது. ‘தக்காளிப் புளிப்பு எல்லாத்தையும் முறிச்சிரும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த நஞ்சு புளிப்பில் இன்னும் நிலையாக நிற்கும். தண்ணீரில் எளிதாகக் கரையும். பரிசோதனைக்கூடத்தில் சதையிலிருந்து இதைப் பிரித்தெடுப்பதே அமிலம் சேர்த்துக் கொதிக்க வைத்துத்தான். தக்காளி மட்டிச் சூப்பும் கிட்டத்தட்ட அதே வேலைதான். போதாததற்கு, மட்டி வெந்த தண்ணீரே இந்தச் சூப்பின் உயிர். அதையும் சேர்த்துக் குடிக்கிறோம். ஒரு கிலோ சதையில் 0.8 மில்லிகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருக்கக் கூடாது என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட வரம்பு. அதை அளக்க வீட்டில் வழியே இல்லை.

உலோகமும் கொதியில் போகாது. காவிரியிலும் வாய்க்காலிலும் கிடைக்கும் நன்னீர் மட்டியைப் பொறுக்கி வந்து சமைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலக்கும் பிரச்சினை பல ஆண்டுகளாக இருப்பது. அந்தப் பகுதி மட்டி சமையலறைக்குள் வர வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஓட்டோடு வாங்கினால் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வாய் மூடியிருக்க வேண்டும். லேசாகத் திறந்திருந்தால் விரலால் தட்டுங்கள். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடாததையும் ஓடு உடைந்ததையும் கழித்துவிடுங்கள். ஓடு நீக்கி, வேகவைத்து, சதையை மட்டும் விற்பதும் உண்டு. கேரளத்தில் கக்கா இறைச்சி என்று கேட்டால் கிடைப்பது இதுதான். இதில் உயிர்ச் சோதனைக்கு வழியில்லை. எங்கே எடுத்தது, எப்போது வேகவைத்தது, எத்தனை மணி நேரம் ஐஸில் இருந்தது என்ற கேள்விகள் மட்டுமே மிச்சம். ‘ஐஸ்லதானுங்க வெச்சிருக்கோம்’ என்பது அவற்றுக்குப் பதில் ஆகாது.

உறைந்த பாக்கெட் என்றால் மைனஸ் 18 டிகிரியில் இருந்திருக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் பனிக்கட்டி பாளம்பாளமாகச் சேர்ந்திருந்தால் நடுவில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். டின் என்றால் உப்பியிருக்கக் கூடாது, மடிப்பில் நசுங்கியிருக்கக் கூடாது. லேபிளில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, தேதி, பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணமாக அசைவக் குறி எல்லாம் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும்.

லேபிளில் ஓர் ஓட்டை உண்டு. ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே எச்சரிக்க வேண்டும் என்று சொல்லும் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின் பட்டியலில் இறால், நண்டு போன்றவை இருக்கின்றன, மீன் இருக்கிறது. மட்டி, சிப்பி வகை தனியாக இல்லை. ஐரோப்பாவில் அதுவும் கட்டாயம். ஆகவே எச்சரிக்கை வரி இல்லை என்று நிம்மதி அடையாமல், சேர்மானப் பட்டியலை முழுதாகப் படியுங்கள். இறாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மட்டியைத் தொட வேண்டாம்.

இன்னொரு குழப்பம்: கொல்லம் அஷ்டமுடி ஏரியின் மட்டி மீன்பிடிப்பு 2014இல் எம்.எஸ்.சி. (மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) சான்று பெற்றது, இந்தியாவில் அதுவே முதல். நாம் பெருமைப்படலாம். ஆனால் அது வளம் அழியாமல் பிடிக்கிறார்கள் என்பதற்கான சான்று. உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டில் கிருமியோ நஞ்சோ இல்லை என்று அது சொல்லவில்லை.

சமைக்கும் முறை

நான்கு பேருக்கு ஓட்டோடு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ மட்டி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் உப்பு கலந்து இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மணலைக் கக்கிவிடும். உப்பில்லாத தண்ணீரில் போட்டால் மட்டி செத்துப்போகும். ஓட்டைத் தேய்த்துக் கழுவி, ஒரு டம்ளர் கொதிநீரில் போட்டு மூடுங்கள். வாய் திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்கட்டும். திறக்காததை எறிந்துவிடுங்கள். வெந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி வையுங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்தில் வெங்காயம், பூண்டு, கேரட், ஒரு பிரிஞ்சி இலை வதக்கி, உருளைக்கிழங்குத் துண்டுகளை அந்த மட்டித் தண்ணீரில் வேகவிடுங்கள். அலுமினியம் வேண்டாம், தக்காளிப் புளிப்பு அதை அரிக்கும். கிழங்கு வெந்த பிறகே நான்கு தக்காளியின் விழுது. முன்னதாகச் சேர்த்தால் புளிப்பில் கிழங்கு வேக நேரம் பிடிக்கும். கடைசியில் மட்டிச் சதை, மிளகு, கொத்தமல்லி; ஒரு கொதி வந்ததும் இறக்கலாம்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரமே கெடு. ஊறுகாய் போலப் பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கவே கூடாது. மட்டியும் கிழங்கும் சேர்ந்ததும் தக்காளியின் புளிப்பு காப்பாற்றும் அளவுக்கு இருக்காது. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பாட்டுலிசம் நஞ்சு உருவாகலாம்.

உடம்பு சரியில்லாமல் போனால்

சாப்பிட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு மரத்துப்போவது, முகத்திலும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது, பேச்சுக் குழறுவது, கைகால் தளர்வது இவையெல்லாம் பாசி நஞ்சின் அடையாளங்கள். மோர் குடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்க இது நேரம் அல்ல. முறிமருந்து கிடையாது; மூச்சு நின்றுவிடாமல் வென்டிலேட்டர் தாங்கிப் பிடிக்க வேண்டும். 108ஐ அழைத்து, ‘மட்டி சாப்பிட்டார், வாய் மரத்துப்போகிறது’ என்று சொல்லுங்கள். வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனை தேவை என்பதையும் சொல்லுங்கள். முதல் ஒரு நாளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள்.

உங்கள் உரிமை

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இன் 40ஆவது பிரிவின்படி, வாங்குபவரே உணவுப் பொருளைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். சோதனைக்குக் கொடுக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சரக்கு சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது.

பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் விற்றவருக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை நீளலாம்; அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. 65ஆவது பிரிவின்படி, இறந்தவர் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு ஒரு லட்சம் வரை இழப்பீடு உண்டு.

புகாரைத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பலாம். மிச்சச் சூப்பையும் பாக்கெட்டையும் எறியாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பில், லேபிள், மருத்துவச் சீட்டு மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தனி வழி. முதலில் 1915 உதவி எண். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சங்ககிரிக்காரர் சேலத்தில், திருச்செங்கோட்டுக்காரர் நாமக்கல்லில். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயம் இல்லை.

இந்தச் சட்டம் பணம் கொடுத்து வாங்கியவரையும், அவர் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துபவரையும்தான் நுகர்வோர் என்கிறது. லாரியில் வந்த தெர்மோகோல் பெட்டியை யாரோ அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால், அவர் அதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால்தான் நீங்கள் நுகர்வோர் ஆவீர்கள். காசு கொடுத்தே வாங்கியிருந்தாலும் பில் இல்லையென்றால் எந்தக் கடை, எந்த நாள் என்று நிரூபிக்க முடியாமல் திண்டாடுவீர்கள். எந்தத் தண்ணீரில் எடுத்தது என்று சொல்லத் தெரியாதவரிடமும், பில் தர மறுப்பவரிடமும் மட்டி வாங்காதீர்கள். அன்றைக்குச் சூப் குடித்தே ஆக வேண்டும் என்றால் அதே தக்காளியில் காளானைப் போட்டுக் கொதிக்க விடுங்கள். பிள்ளைகள் அதையும் விரும்பித்தான் குடிப்பார்கள்.