பனிப் பள்ளத்தாக்குக்குப் பாட்டியும் வந்தார்!

“லீவு விட்டாச்சு, பனிமலைக்குப் போகலாம்!” என்று குழந்தைகள் குதிக்க ஆரம்பித்தால், நாம் முதலில் என்ன செய்வோம்? பரணிலிருந்து ஸ்வெட்டரை இறக்குவோம். முறுக்கு பிழிவோம். எல்லாம் முடிந்த பிறகு, “பாட்டியை எங்கே விடுவது?” என்று யோசிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்கக் கூடாது, முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். என் கணவரின் வேலை காரணமாக அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் குடியிருக்கிறோம். மாமனார் காலமான பிறகு மாமியாரும் எங்களோடு வந்துவிட்டார். வயது எழுபத்திரண்டு. இருபது வருடமாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவர் வாழ்க்கையில் பார்த்த பெரிய குளிர் கொடைக்கானல் குளிர்தான். “ஐஸ் கொட்டிக் கிடக்குமாமே, ஒரு தடவை பார்த்துடணும்டி அம்மா” என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

எங்கள் ஊரிலிருந்து சுமார் 260 மைல் தூரத்தில், பக்கத்து மாநிலமான யூட்டாவில், பிரைஸ் கேன்யன் என்கிற தேசியப் பூங்கா இருக்கிறது. 1928-ல் தேசியப் பூங்காவானது. பெயர்தான் பள்ளத்தாக்கே தவிர, ஆறு ஓடி அறுத்த பள்ளத்தாக்கு இல்லை. பாறை இடுக்கில் புகுந்த தண்ணீர் இரவில் உறைந்து விரியும், பகலில் உருகும். இப்படி வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் நடக்கிறதாம். அதனால் பாறை வெடித்து, மழையில் கரைந்து, ஆயிரக்கணக்கான செந்நிறத் தூண்களாக நிற்கிறது. குளிர்காலத்தில் ஒவ்வொரு தூணின் தலையிலும் வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி பனி உட்கார்ந்திருக்கும்.

முதல் முறை 2022 டிசம்பரில் கிளம்பினோம். திட்டம் என்று ஒன்றும் கிடையாது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டு ஒரே மூச்சாகப் போனோம். யூட்டாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதைக்கூட யோசிக்கவில்லை. ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. விடுதிக்குப் போய்ச் சேரும்போது எல்லாருக்கும் தலைவலி. அரிசியையும் பருப்பையும் மின்சார அடுப்பில் வைத்தேன். கொதிக்கிறது, கொதிக்கிறது, பருப்பு வேகவே இல்லை! ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டோடு படுத்துவிட்டோம்.

மறுநாள் காலையில்தான் எனக்கு உயிரே போனது. மாமியாரின் இன்சுலினை ஐஸ் பையில் போட்டுக் கார் டிக்கியில் வைத்திருந்தேன். ‘வெளியேதான் குளிராச்சே, கெடாது’ என்று இரவு எடுக்காமல் விட்டுவிட்டேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. மருந்து கல்லாக உறைந்திருந்தது. ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. தூக்கித்தான் எறிய வேண்டும். பனிச் சாலையில் ஊர்ந்து ஊர்ந்து அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய், புது மருந்து வாங்கிப் போடுவதற்குள் மதியமாகிவிட்டது. சர்க்கரை முன்னூறைத் தாண்டியிருந்தது. பனியும் வேண்டாம், தூணும் வேண்டாம் என்று திரும்பிவிட்டோம்.

வழியில் என் கணவர், “பையை யார் வண்டியில் விட்டது?” என்று கோபமாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “நான்தாம்ப்பா அங்கேயே இருக்கட்டும்னு சொன்னேன்” என்றார் மாமியார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும், “இனிமே நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்” என்று முடித்துவிட்டார். “ஆமா, பாட்டிக்கு இதெல்லாம் ரிஸ்க்” என்றான் என் மகன்.

பாட்டிக்கு ரிஸ்க் இல்லை, என் அஜாக்கிரதைதான் ரிஸ்க் என்பது எனக்கல்லவா தெரியும்! ஒரு வருடம் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. 2023 டிசம்பரில், “அத்தை இல்லாமல் போவதில்லை” என்று சொல்லிவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பிளஸ் டூ வரை படித்தவள்தான். ஆனால் கல்யாண வீட்டுக்குச் சாமான் லிஸ்ட் போடத் தெரிந்தவளுக்கு இது பெரிய வித்தையா என்ன?

முதல் வேலையாக அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த மலை விளிம்பு எட்டாயிரம் அடிக்கு மேல். கொடைக்கானலைவிட ஆயிரம் அடி அதிகம். கோடியில் உள்ள ரெயின்போ பாயிண்ட் 9,115 அடி, நம் தொட்டபெட்டாவையும் தாண்டிய உயரம். எட்டாயிரம் அடியில் நாம் மூச்சிழுக்கும்போது கிடைக்கும் பிராணவாயு, கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். டாக்டர் அத்தையைப் பரிசோதித்து, போகலாம் என்றார். ஒரே நாளில் ஏறக் கூடாது, போன அன்று அலையக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தலைவலியோடு வாந்தியும் மூச்சிரைப்பும் கூடினால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும் என்று எச்சரித்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ இருந்தால், டாக்டர் சொல்லாமல் கிளம்பாதீர்கள்.

அதன்படி பயணத்தை இரண்டாகப் பிரித்தோம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, முதல் நாள் சயான் பள்ளத்தாக்கு வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் தங்கினோம். அது நாலாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவு. குளிரும் கடுமையில்லை. மறுநாள் 1930-ல் திறந்த, ஒரு மைலுக்கு மேல் நீளமான மலைச் சுரங்கப் பாதை வழியாக, இரண்டு மணி நேரத்தில் பிரைஸ் போய்விட்டோம். எல்லாம் பகல் வெளிச்சத்தில்! அன்று அறையிலேயே ஓய்வு. பனி பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள் என்பதால், கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொண்டோம்.

இனி துணிமணி. “புடவையை விட்டுட்டுப் பேண்ட் போட மாட்டேன்” என்பது அத்தையின் கட்டளை. உள்ளே மெல்லிய கம்பளிக் கால்சட்டை, அதன் மேல் கணுக்காலுக்குச் சற்று உயரத் தூக்கிக் கட்டிய புடவை, முழங்கால் வரை நீளக் கோட்டு, காதை மூடும் குல்லா என்று முடிவு செய்தோம். ஒரே ஒரு தடிமனான ஸ்வெட்டரைவிட, மெல்லியதாக மூன்று அடுக்கு போடுவது நல்லது. பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். உடம்பை ஒட்டிய அடுக்கு கம்பளியாக இருக்கட்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் மரத்தது தெரியாது. அதனால் தினமும் இரவு அத்தையின் பாதத்தை நானே தடவிப் பார்த்து, காய்ந்த கம்பளிச் சாக்ஸ் மாட்டிவிட்டேன். வழுக்காமலிருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் சங்கிலி கிடைக்கிறது, எல்லாருக்கும் வாங்கினோம். கறுப்புக் கண்ணாடியும் அவசியம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும்.

மருந்து இந்த முறை டிக்கிக்குப் போகவில்லை. இன்சுலினும் சர்க்கரை பார்க்கும் மீட்டரும் ஒரு சுருக்குப் பையில், என் கோட்டுக்குள், உடம்போடு ஒட்டி இருந்தன. அந்த மீட்டரும் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ள அத்தையின் கோட்டுப் பையில் மிட்டாய் வைத்தேன்.

பருப்பு வேகாத ரகசியமும் தெரிந்துகொண்டேன். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பிறகு எப்படி வேகும்? குட்டி பிரஷர் குக்கர் ஒன்றைத் துணிக்குள் சுருட்டி வைத்தேன். வழிக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பிளாஸ்க்கில் சுக்கு வெந்நீர். மலை மேல் சுடச்சுடப் பருப்பு சாதமும் மிளகு ரசமும் சாப்பிட்ட சுகம் இருக்கிறதே, அடடா!

காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயரைப் பரிசோதித்து, பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் ஓட்டினோம். கம்பளி, தண்ணீர், டார்ச், சிறு மண்வெட்டி வண்டியிலேயே இருக்கட்டும். பனியில் மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விட்டால், முதலில் புகைக்குழாயை மூடிய பனியை அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் விஷவாயு உள்ளே வந்துவிடும்.

மூன்றாம் நாள் காலை சன்ரைஸ் பாயிண்ட் போனோம். காரை விட்டு இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து அத்தை நடந்தார். இளவெயில் பட்டு அத்தனை தூண்களும் குங்குமமாகச் சிவந்திருந்தன. கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு குனிந்து ஒரு பிடி பனியை அள்ளிக் குழந்தை மாதிரி கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இவரும் பிள்ளைகளும் கீழே இறங்கும் பாதையில் சிறிது தூரம் போய் வந்தார்கள். நானும் அத்தையும் மேலேயே நின்றோம்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான பாயூட் மக்கள், தவறு செய்த பழங்காலத்து ஜனங்களைக் கயோட்டி என்னும் தந்திர மிருகம் கல்லாகச் சபித்துவிட்டது என்று கதை சொல்வார்களாம். அத்தையிடம் சொன்னேன். “அகலிகைக்கு ஒரு ராமர் வந்தார். பாவம், இதுங்களுக்கு இன்னும் யாரும் வரலையாக்கும்!” என்றார்.

அப்போதுதான், “அத்தை, அன்னைக்குப் பழியை ஏன் நீங்க ஏத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன். “உன்னைத் திட்டியிருந்தா, அடுத்த தடவை என்னைக் கூட்டிட்டு வர உனக்குத் தைரியம் வருமாடி?” என்று சிரித்தார்.

ஆக, அன்று பையை வண்டியில் விட்டது நான்தான். இதைப் படிக்கும்போதுதான் இவருக்கே தெரியப் போகிறது! சகோதரிகளே, பயணத் திட்டம் போடும்போது வீட்டில் யாரால் மிகக் குறைவாக முடியுமோ, அவரை வைத்துப் போடுங்கள். மற்றவர்களுக்கு அது தானாகவே சரியாக வரும். அத்தை இப்போதே அடுத்த டிசம்பருக்கு நோட்டை எடுக்கச் சொல்கிறார்!