மின் கிட்டாரின் ஒலி எங்கே பிறக்கிறது? விளையாட்டுப் பொத்தானிலிருந்து வால்வு ஆம்ப்ளிபையர் வரை

காரக்கோணம்: திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் இடையே உள்ள காரக்கோணம் சுற்றுப்புறத்தில் மின் கிட்டார் இன்று அபூர்வப் பொருள் அல்ல. தேவாலயப் பாடகர் குழுக்களிலும், கோவில் திருவிழாக் கானமேளாக்களிலும், எல்லையின் மறுபுறம் குமரி மாவட்ட மெல்லிசை மேடைகளிலும் அது இடம்பெறுகிறது. ஆனால், கிட்டாருக்கென்றே உருவாக்கப்பட்ட ஆம்ப்ளிபையர் இத்தகைய மேடைகளில் அரிது. கிட்டாரின் வயர் நேராக மைக் செட்டின் மிக்சரில் செருகப்படுகிறது. ஒலி மங்கலாக வருகிறது. வாங்கியவர் கிட்டாரைக் குறை கூறுகிறார். சிலர் அதைவிட விலை கூடிய கிட்டாரைத் தேடிப் போகின்றனர்.

குறை பெரும்பாலும் கிட்டாரில் இருப்பதில்லை. மின் கிட்டார் என்பது ஒலிச் சங்கிலியின் முதல் கண்ணி மட்டுமே. அதன் குரலைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, அந்த வயரின் மறுமுனையில் இருக்கும் கருவிக்கு உரியது.

இதை விளங்கிக்கொள்ள, ஒலியே எழுப்பாத ஒரு 'கிட்டாரி'லிருந்து தொடங்குவது எளிது. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு நவம்பரில் பிளேஸ்டேஷன் 2 சாதனத்துக்காக வெளியான 'கிட்டார் ஹீரோ' விளையாட்டுடன், கிப்சன் எஸ்ஜி வகைக் கிட்டாரின் தோற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கருவி தரப்பட்டது. அதில் தந்திகள் இல்லை. கழுத்துப் பகுதியில் ஐந்து வண்ணப் பொத்தான்கள், தந்தியை மீட்டுவதற்குப் பதிலாக அசைக்க ஒரு பட்டை, சுருதியை வளைக்க ஒரு கைப்பிடி ஆகியவை மட்டுமே இருந்தன. திரையில் வரும் குறிக்கு ஏற்பப் பொத்தானை அழுத்தினால், முன்பே பதிவு செய்யப்பட்ட பாடலின் கிட்டார் பகுதி ஒலிக்கும். தவறினால் அது மௌனமாகும். கருவி அனுப்புவது 'அழுத்தப்பட்டது', 'விடப்பட்டது' என்ற செய்தியை மட்டுமே. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1990களின் இறுதியிலேயே மூன்று பொத்தான்களுடன் 'கிட்டார் பிரீக்ஸ்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்திருந்தது. 2010இல் வெளியான 'ராக் பேண்ட் 3' விளையாட்டுக்காக 102 பொத்தான்கள் கொண்ட கருவி கூட விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு யூபிசாப்ட் நிறுவனத்தின் 'ராக்ஸ்மித்', பொத்தான்களையே விட்டுவிட்டு, உண்மையான மின் கிட்டாரை யுஎஸ்பி வயர் மூலம் இணைக்கச் செய்தது.

பொத்தானுக்கும் தந்திக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. மின் கிட்டாரின் உடலில், தந்திகளுக்குக் கீழே காந்தங்களும் அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. இதற்குப் பிக்கப் என்று பெயர். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. சைக்கிள் டைனமோவின் தத்துவமேதான். ஆனால் கிடைப்பதோ ஒரு வோல்ட்டின் சிறு பகுதி. விரல் அழுத்தம், மீட்டும் வேகம், கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும் அளவு அனைத்தும் அந்தச் சிறு மின்னலையில் பதிவாகின்றன.

இந்த மின்னலை மிகவும் மென்மையானது. அதை வாங்கிக்கொள்ளும் கருவி அதிகமாக 'உறிஞ்சினால்' உயர் சுருதிகள் முதலில் மடிகின்றன. கிட்டார் ஆம்ப்ளிபையரின் உள்ளீட்டு மின்தடை வழக்கமாக 10 லட்சம் ஓம். மைக் செட் மிக்சரின் சாதாரண லைன் உள்ளீட்டில் அது 10 ஆயிரம் ஓம் அளவிலேயே இருக்கக்கூடும். நூறு மடங்கு வேறுபாடு. பாடகர் குழுவின் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் கேட்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே. தீர்வு பெரிய செலவும் அன்று: டிஐ பாக்ஸ் எனப்படும் சிறு பெட்டியைக் கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவே இணைத்தால் போதும். சில மிக்சர்களில் 'ஹை-இசட்' என்று குறிக்கப்பட்ட பொத்தான் இதே வேலையைச் செய்கிறது. 9 வோல்ட் பேட்டரி பொருத்திய மின்-மரக் கிட்டார்களில் இதற்கான சுற்று உள்ளேயே இருப்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. புதுக் கிட்டாருக்குப் பணம் சேர்ப்பவர்கள் முதலில் இந்தப் பெட்டியை முயன்று பார்ப்பது நல்லது.

வால்வின் கதை

அடுத்த நிலை ஆம்ப்ளிபையர். இதில் கிட்டார் கலைஞர்கள் இன்றும் பெயர் சொல்லிப் போற்றுவது, பழைய வானொலிப் பெட்டிகளில் ஒளிர்ந்த அதே கண்ணாடி வால்வுகளைத்தான். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குடுவைக்குள் சூடேறும் எதிர்முனை எலக்ட்ரான்களை வெளியிடுகிறது. எதிரே உள்ள தகடு பல நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் அவற்றை இழுக்கிறது. இடையில் உள்ள கம்பி வலை, கால்வாய் மதகைப் போன்றது. சிறிதளவு அசைத்தால் பெரும் ஓட்டம் மாறுகிறது. அந்த வலையில்தான் கிட்டாரின் மின்னலை செலுத்தப்படுகிறது. லீ டி பாரஸ்ட் 1906இல் வடிவமைத்த 'ஆடியான்' இதன் முன்னோடி.

வால்வின் புகழ் அதன் துல்லியத்தால் வந்தது அன்று, குறையால் வந்தது. தாங்கும் அளவுக்கு மேல் மின்னலையைச் செலுத்தினால், அலையின் உச்சியை அது திடீரென்று வெட்டுவதில்லை, மெல்ல மழுங்கச் செய்கிறது. சாதாரண டிரான்சிஸ்டர் சுற்று அதே நிலையில் உச்சியைக் கத்தியால் சீவியதுபோல் வெட்டிவிடும். முதலாவது காதுக்குக் கனமாகவும் இதமாகவும், இரண்டாவது கரகரப்பாகவும் கேட்கிறது. வால்வு இரட்டை எண் மேற்சுரங்களைத் தருவதால்தான் இனிமை என்று சொல்லப்படுவது பாதி உண்மை. இரு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் வெளியீட்டுச் சுற்று அந்த மேற்சுரங்களையே பெருமளவு அழித்துவிடுகிறது. மின்வழங்கியின் தளர்ச்சி, வெளியீட்டு டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் ஆகியவையும் சேர்ந்தே அந்தக் குரலை ஆக்குகின்றன. குறிப்பாக ஸ்பீக்கர்: கிட்டாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 ஆயிரம் ஹெர்ட்சுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும். டிஸ்டார்ஷன் பெடலை நேரே மைக் செட்டில் இணைத்தால் வண்டுக் கூட்டம் போல் இரைவது, அந்த வடிகட்டி இல்லாததால்தான்.

இந்தியாவுக்கு இந்தக் கதையில் சொந்தமாக ஒரு பக்கம் உண்டு. 1954இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1961இல் வானொலிகளுக்கான வால்வு உற்பத்தியில் இறங்கியது. திருச்சியில் 'பெல்' என்று வழங்கப்படும் நிறுவனம் வேறு, இது வேறு. அன்று ஊர்தோறும் திருமண வீடுகளில் குழாய் ஒலிபெருக்கிகளை இயக்கிய ஆம்ப்ளிபையர்களும் வால்வில் இயங்கியவையே. டிரான்சிஸ்டரின் வருகையால் அந்த உற்பத்தி முடிவுக்கு வந்தது. ஆயினும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை பதித்த இசிசி83 போன்ற பழைய வால்வுகளை வெளிநாட்டுக் கிட்டார் கலைஞர்கள் இன்றும் தேடி வாங்குகின்றனர். காயலான் கடைக்குப் போன வானொலிகளை எண்ணும்போது இது சற்று வேடிக்கையாகவும் இருக்கிறது.

இப்போது கிட்டார் வால்வுகளின் உற்பத்தி பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் ஒரு சில ஆலைகளைச் சார்ந்திருக்கிறது. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022 மார்ச்சில் ரஷ்யா பல பொருள்களின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, சரத்தோவ் நகர ஆலையிலிருந்து வரும் வால்வுகளும் சிக்கின. உலகெங்கும் கடைகளில் இருப்புக் கரைந்தது. தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருள் என்பதால், வால்வு ஆம்ப்ளிபையர் வாங்குவோர் அதன் விலையுடன் மாற்று வால்வு கிடைக்குமா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

கணினி வழியும் காலதாமதமும்

வால்வின் நடத்தையைக் கணக்கீட்டால் பின்பற்றும் டிஜிட்டல் கருவிகள் இதற்கு மாற்றாக வளர்ந்துள்ளன. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1998இல் 'பாட்' என்ற கருவியையும், ஜெர்மனியின் கெம்பர் நிறுவனம் 2011இல் உண்மையான ஆம்ப்ளிபையரின் குரலை அளந்து நகலெடுக்கும் கருவியையும் வெளியிட்டன. இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தும் 'நியூரல் ஆம்ப் மாடலர்' மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மடிக்கணினியும் ஒலி இடைமுகக் கருவியும் உள்ள மாணவர் ஒருவர், எட்டாத விலையுள்ள ஆம்ப்ளிபையரின் குரலுக்கு மிக அருகில் செல்ல முடியும். கண்ணை மூடிக் கேட்டால் வேறுபாடு காண்பது தேர்ந்த காதுகளுக்கும் கடினம்.

ஆனால் வால்வுச் சுற்றில் இல்லாத ஒரு சிக்கல் கணினியில் உண்டு: தாமதம். ஒலி ஒரு மீட்டர் தூரம் செல்ல ஏறத்தாழ 3 மில்லி வினாடி ஆகிறது. நொடிக்கு 48 ஆயிரம் மாதிரிகள் எடுக்கும் கணினி, 128 மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டு கணக்கிட்டால் ஒரு கட்டத்துக்கு 2.7 மில்லி வினாடி. இவ்வளவு கேடில்லை, மேடையில் ஆம்ப்ளிபையரிலிருந்து மூன்றடி விலகி நிற்பதற்கு ஒப்பானது. புளூடூத் ஹெட்போனிலோ தாமதம் 100 மில்லி வினாடியையும் தாண்டக்கூடும், தாளம் சிதறிப்போகும். விளையாட்டுக் கருவிகளும் இதே சிக்கலைச் சந்தித்தன. புதிய தட்டைத் தொலைக்காட்சிகள் படத்தைத் தாமதமாகக் காட்டியதால், சரியாக அழுத்தியவரும் தோற்றார். 2008இல் வந்த 'ராக் பேண்ட் 2' கிட்டார் கருவியில் அந்தத் தாமதத்தை அளக்க ஒளி, ஒலி உணரிகளே பொருத்தப்பட்டன.

உயிருக்கு ஆபத்து

குரல் நன்றாக அமைவதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மின் கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிபையரின் எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்கும். வாசிப்பவர் ஒரு கையில் தந்தியைப் பிடித்தபடி, வேறு மின்வழியில் இயங்கும் மைக்கை உதட்டாலோ மறு கையாலோ தொட்டால், இரண்டில் ஒன்றின் எர்த் பழுதாக இருப்பின் மின்னோட்டம் உடல் வழியே பாயும். 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்.

மழைக்காலம் நீளும் எல்லைக் கிராமங்களில், ஈரத் தரையில் அமைத்த பந்தலும் ஜெனரேட்டரும் இந்த ஆபத்தைப் பெருக்குகின்றன. கிட்டார் ஆம்ப்ளிபையரும் மிக்சரும் ஒரே மின் இணைப்பிலிருந்து, முறையான எர்த்துடன் மின்சாரம் பெற வேண்டும். இரைச்சலைக் குறைக்க மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைப்பதோ வயரைத் துண்டிப்பதோ கூடாது. அந்த இரைச்சலுக்கு டிஐ பாக்சில் உள்ள 'கிரவுண்ட் லிப்ட்' பொத்தானே உரிய வழி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் மேடையின் மின்வழியில் இருப்பது அவசியம்.

பழைய வால்வு ஆம்ப்ளிபையரை வாங்குவோருக்கு மேலும் இரண்டு எச்சரிக்கைகள். அமெரிக்கச் சந்தைக்கான மாதிரிகள் 120 வோல்ட்டில் இயங்குபவை. இந்தியாவின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். மேலும், பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே உள்ள கபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். அவற்றை முறைப்படி வெறுமையாக்கத் தெரிந்த தொழில்நுட்பரைத் தவிர வேறு எவரும் பின்மூடியைத் திறக்கலாகாது.