புதுக்கோட்டைக்கு எத்தனை எழுத்து?

'புதுக்கோட்டை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பு, து, க், கோ, ட், டை. ஆறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரல்விட்டுச் சொல்லிவிடும். கணினியிடம் கேட்டால்தான் வம்பு. பைத்தான் நிரல்மொழியின் பதிப்பு 2 உள்ள கணினி 36 என்னும். பைத்தான் 3 உள்ள கணினி 12 என்னும். முன்னது பைட்டுகளை எண்ணுகிறது. பின்னது யுனிகோட் குறிகளை, அதாவது ககரத்தையும் அதன் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஆறு என்ற விடை வேண்டுமானால் 'ஓப்பன் தமிழ்' போன்ற நிரல் தொகுப்பை நாட வேண்டும். 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் வேறு பலரும் சேர்ந்து எழுதிய கட்டற்ற திட்டம் அது.

இப்படிப்பட்ட கூட்டுத் திட்டத்தில் அறந்தாங்கியில் ஒரு மாணவி, பொன்னமராவதியில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் பழைய மடிக்கணினி. அதில் இன்னமும் பைத்தான் 2. (அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-லேயே நின்றுவிட்டது.) நிரல் ஒன்றுதான், விடை மட்டும் ஆளுக்கொன்று. "என் கணினியில் ஓடுதே!" என்பதற்குமேல் பேச்சு நகராது. நிரல் எழுதும் நேரத்தைவிட இந்தப் பஞ்சாயத்துக்கு ஆகும் நேரம் அதிகம்.

இதற்கு மருந்து கண்டெய்னர். கல்யாண வீட்டுக்கு வரும் சமையல் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா, கரண்டி, அரைத்த மசாலா எல்லாம் அவரே கொண்டுவருவார். அடுப்பும் விறகும் மட்டும் நம்முடையவை. கண்டெய்னருக்கு அந்த அடுப்பு, கணினியின் லினக்ஸ் கெர்னல். பைத்தானின் பதிப்பு, துணைத் தொகுப்புகள், அமைப்புகள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். வெர்ச்சுவல் மெஷின் என்பது விருந்துக்கென்று தனி அடுப்படியே கட்டுவது. அதனால்தான் அது கனம். விண்டோஸில் லினக்ஸ் அடுப்பு இல்லாததால் முதலில் ஒன்றை மூட்டித்தான் ஆக வேண்டும்.

யோசனை புதிதல்ல. ஒரு நிரலை ஒரே கோப்புறைக்குள் அடைத்துவைக்கும் 'சிரூட்' வசதி 1979-லேயே யூனிக்ஸில் வந்தது. இன்ன நிரலுக்கு இவ்வளவுதான் நினைவகம் என்று அளந்துகொடுக்கும் 'சிகுரூப்ஸ்' 2008-ல் லினக்ஸில் சேர்ந்தது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ், பைத்தான் மாநாடு ஒன்றில் ஐந்து நிமிடப் பேச்சில் 'டாக்கர்' என்ற கண்டெய்னர் மென்பொருளைக் காட்டிய பிறகுதான் இது எல்லோர் கைக்கும் வந்தது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். திட்டத்தின் கோப்புகளோடு 'டாக்கர்ஃபைல்' என்று ஒரு சிறு கோப்பு: எந்தப் பைத்தான், என்னென்ன தொகுப்பு, எந்தக் கட்டளை. அதைப் படித்து டாக்கர் ஓர் 'இமேஜ்' கட்டும்; கண்டெய்னரை வார்க்கும் அச்சு அது. அடுக்கடுக்காகக் கட்டுவதால், ஒரு வரியை மாற்றினால் அந்த வரி முதல் கீழே உள்ளவை மட்டுமே மறுபடி உருவாகும். மேலடுக்குகளைத் திரும்பத் தரவிறக்க வேண்டாம். மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பைத்தானின் முழு இமேஜ் விரித்தால் 1 ஜிபி-யைத் தொடும். 'ஸ்லிம்' வகை அதில் சிறு பங்குதான். அதுவும் கட்டுப்படியாகாதென்றால், நல்ல இணையம் உள்ள ஒருவர் 'டாக்கர் சேவ்' கட்டளையால் இமேஜைப் பென்டிரைவில் ஏற்றி அறந்தாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம். அங்கே 'டாக்கர் லோடு' போட்டால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. கண்டெய்னரை நீக்கினால் அதற்குள் எழுதியதும் போய்விடும். நிரலை வெளியே உங்கள் கோப்புறையில் வைத்து உள்ளே இணையுங்கள். டாக்கர்ஃபைலில் 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் பதிப்பு எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் சேர்பவரின் பெட்டியில் வேறு பைத்தான் இருக்கும்.