ஆமை புகுந்த கரை

“ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நீ என்னடான்னா ராத்திரி பத்து மணிக்கு மேல ஆமையைத் தேடிக் கிளம்புறே. அதுவும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு!”

வாசலில் மாமியார் மறித்தார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதற்குள் லிஃப்ட் பட்டனையே அழுத்திவிட்டாள்.

பத்து வருடமாகத் திருவான்மியூரில் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்தக் கரைக்கு ஆண்டுதோறும் கடலாமைகள் வந்து முட்டையிடுகின்றன என்பது மட்டும், மகள் பள்ளியில் கேட்டு வந்து சொல்லும்வரை எங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஜனவரி பிறந்தால் சென்னையில் ‘டர்ட்டில் வாக்’ ஆரம்பமாகிவிடும். நீலாங்கரையில் தொடங்கி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர், நள்ளிரவில் கடலோரமாகவே நடக்க வேண்டும். ‘எஸ்.எஸ்.டி.சி.என்.’ என்ற மாணவர் அமைப்பு 1988 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. சீசன் முழுக்க ஒரு இரவு விடாமல் தன்னார்வலர்கள் நடக்கிறார்கள். வார இறுதியில் நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

டார்ச் வேண்டாம்!

மணலில் உட்காரவைத்து முதலில் ஒரு சின்ன வகுப்பு. எடுத்தவர் கல்லூரி மாணவர். “ஆமையைப் பார்த்தே தீருவோம்னு சொல்ல முடியாது. பார்த்தா உங்க அதிர்ஷ்டம். ஆனா செல்போன் வெளிச்சம், டார்ச், ஃபிளாஷ் எதுவும் கூடாது” என்றார்.

காரணம் இருக்கிறது. கரையேறும் தாய் ஆமை வெளிச்சத்தையோ ஆள் நடமாட்டத்தையோ கண்டால், முட்டையிடாமலே திரும்பிவிடும். அதனால் வழிநடத்துபவர்கள் மட்டும் தேவைப்படும்போது சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பு ஒளி ஆமையின் கண்ணை அவ்வளவாக உறுத்தாது.

முதல் பத்து நிமிடம் தடுமாற்றம்தான். பிறகு கண் பழகிவிட்டது. வலப்பக்கம் வெள்ளையாக உடையும் அலை. காலடியில் சரசரவென்று ஓடி வளைக்குள் மறையும் நண்டுகள். இடப்பக்கம் கட்டுமரங்களும் ஃபைபர் படகுகளும், அவற்றுக்குப் பின்னால் தூங்கும் குப்பங்களும். பகலில் சுண்டலும் பலூனுமாகப் பார்த்த கரையா இது என்று இருந்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “ஆமைக்காரங்களா? நாங்க இதை பங்குனி ஆமைன்னு சொல்லுவோம் பாப்பா” என்றார் மகளிடம். புத்தகத்தில் ‘ஆலிவ் ரிட்லி’ என்று படித்த பெயரைவிட, அவளுக்கு இந்தப் பெயர் பிடித்துப்போனது.

முதலில் பார்த்த ஆமை

பாலவாக்கம் தாண்டியதும் ஒரு ஆமையைப் பார்த்தோம். இரண்டடி நீள ஓடு. அலை வந்து தொட்டுப் போனது. அது அசையவில்லை.

மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “தூங்குதாம்மா?”

கடலாமை மீன் அல்ல. நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கியே இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இப்படிச் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வலைக்குள் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் சாதனமும் இருக்கிறது. இரண்டும் ஒழுங்காக நடந்தால் பல ஆமைகள் பிழைக்கும்.

தன்னார்வலர்கள் அந்த ஆமையின் நீளத்தை அளந்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார்கள். பெண் ஆமை. முட்டையிட வந்ததாக இருக்கலாம் என்றார்கள். அதன்பிறகு வெகுநேரம் மகள் பேசவில்லை. கூட்டி வந்தது தப்போ என்று எனக்கே தோன்றியது.

மணலில் ஒரு கோலம்

மணி ஒன்றரை இருக்கும். முன்னால் போனவர் சட்டென்று கையை உயர்த்தினார். கடலிலிருந்து மேடு வரைக்கும், டிராக்டர் டயர் ஓடியது போல ஒரு தடம். பக்கத்திலேயே திரும்பிப்போன தடம். தாய் வந்து, முட்டையிட்டு, எங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தாள்.

இரண்டு தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்திருந்தது. ஒரு குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்தார்கள். ஓரிடத்தில் மணல் இளகியது. கையாலேயே தோண்டினார்கள். சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், குடுவை போன்ற குழி. உள்ளே டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி வெள்ளை வெளேர் என்று முட்டைகள்!

எண்ணும் வேலை மகளுக்குக் கிடைத்தது. நூற்றுப் பதினான்கு. கடைசி எண்ணைச் சொல்லும்போது அவள் குரல் பழையபடி ஆகியிருந்தது.

துடுப்பு போன்ற பின்கால்களால் குழி தோண்டி, முட்டையிட்டு, மணலை மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கிவிட்டுத்தான் தாய் கிளம்புமாம். முட்டையிடும்போது அதன் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து அழுகிறது என்பார்கள். உண்மையில், உடம்பில் சேரும் உப்பை அது அப்படி வெளியேற்றுகிறது.

முட்டைகளை அங்கேயே விட்டால் நாய்களுக்கு இரையாகலாம், மிதிபடலாம். அதனால் சில மணி நேரத்துக்குள் பத்திரமாக எடுத்துப்போய், குஞ்சு பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். கடலாமையும் அதன் முட்டையும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ஆகவே அனுமதி பெற்றவர்கள் தவிர நாம் யாரும் தொடக் கூடாது.

பெசன்ட் நகர் பொரிப்பகத்தை அடையும்போது மணி நான்கு. உயிரோடு ஒரு ஆமையைக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் மகள் சொன்னாள்: “நம்ம முட்டைம்மா.”

நாற்பத்தெட்டு நாள் கழித்து

45 முதல் 60 நாள்களில் குஞ்சு பொரியும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். உலகம் சூடாகிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்ற கவலையும் அதில் இருக்கிறது.

பங்குனி மாத மாலை ஒன்றில் தகவல் வந்தது. இந்த முறை மாமியாரும், “நானும் வந்து என்னதான்னு பார்க்கிறேன்” என்று கிளம்பினார்.

உள்ளங்கையில் பாதிகூட இருக்காத கறுப்புக் குஞ்சுகள். ஈர மணலுக்குச் சற்று முன்னால் இறக்கிவிட்டார்கள். பெரும்பாலானவை கடலைப் பார்த்து நடந்தன. நான்கைந்து மட்டும் தடாலென்று திரும்பி எங்களை நோக்கி வந்தன.

“ஐயோ, இதுங்க ஏன் இந்தப் பக்கம் வருது?” என்று மாமியார் பதறினார்.

பிறந்த குஞ்சுக்கு முக்கிய வழிகாட்டி வெளிச்சம். ஆள் இல்லாத கரையில் இரவில் பிரகாசமாக இருப்பது கடலின் பக்கம்தான். நகரத்தில் அப்படியில்லை. தெருவிளக்கும் அபார்ட்மென்ட் விளக்கும் கடலைவிடப் பிரகாசமாக எரிகின்றன. குஞ்சுகள் நம்பி ரோட்டுக்கு வந்து சாகின்றன. குஞ்சு வளர்ந்து பெரிதாவது ஆயிரத்தில் ஒன்றுதான் என்கிறார்கள். அந்த ஒன்றையும் நம் வீட்டு விளக்கு கூப்பிட்டுக் கொன்றுவிடக் கூடாதே!

தன்னார்வலர்கள் அவற்றைத் திருப்பிவிட, ஒவ்வொன்றாக அலைக்குள் போயின. மாமியார் கை கூப்பினார்.

மறுநாளே குடியிருப்போர் சங்கத்தில் பேசினோம். எங்கள் மொட்டை மாடியில் கடலைப் பார்த்து எரியும் விளக்குகள் மூன்று. பாதுகாப்புக்கு வேண்டும் என்று இரண்டை அணைக்க மறுத்துவிட்டார்கள். ஒன்று மட்டும் ஜனவரி முதல் மே வரை அணைந்திருக்கும். மற்ற இரண்டுக்கும் கடல் பக்கம் மறைப்புத் தகடு போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ஒன்றை தினமும் அணைப்பது யார் தெரியுமா? ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றவரேதான்.

நீங்களும் போகலாம்

* ஜனவரி முதல் ஏப்ரல் வரை சீசன். முன்கூட்டியே விவரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.
* அடர்நிற உடை, தண்ணீர், எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு போதும். மாலையில் பிள்ளைகளைச் சற்றுத் தூங்கவைத்துக் கூட்டிப் போங்கள்.
* தாய் ஆமையைக் கண்டால் அசையாமல் நில்லுங்கள். முன்பக்கம் போகவோ செல்ஃபி எடுக்கவோ வேண்டாம்.
* கடலோரத்தில் குடியிருப்பவரா? கடல் பக்க விளக்கை இன்று இரவே அணைக்கலாம். அதற்கு ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை.