ஒரு வேளை பிரியாணி போதுமா?
இல்லத்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க...

"பையனுக்குப் பொறந்த நாளு. இல்லத்துப் புள்ளைங்களுக்கு ஒரு வேளை பிரியாணி போட்டுட்டு வந்துடலாம்!"

கள்ளக்குறிச்சி கடைவீதியில் மட்டும் அல்ல, எல்லா ஊரிலும் காதில் விழும் பேச்சு இது. நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் எப்படி அங்கே வந்தார்கள்? நாளைக்கு எங்கே போவார்கள்? இதை யோசிக்கிறவர்கள் குறைவு.

கருணாபுரம் கண்ணீர்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தார்கள். சாராயத்தில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருந்தது. பலியானவர்கள் 60-க்கும் மேல். பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள். தாய், தகப்பன் இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5 ஆயிரம் ரூபாய், பட்டப்படிப்பு வரை கல்வி, விடுதிச் செலவு என்று தமிழக அரசு அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்தவர் பெயரில் 5 லட்சமும், ஒருவரை இழந்தவர் பெயரில் 3 லட்சமும் வைப்புத்தொகை. 18 வயது முடிந்ததும் வட்டியோடு கைக்கு வரும்.

மலை மேலே...

கல்வராயன் மலைக் கிராமங்களில் கதை வேறு. பெற்றவர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிதான் புகல். படிப்பு பாதியில் நின்றால், அடுத்த பஸ்சில் ஏதோ ஒரு ஊர்த் தெருவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

அப்படித் தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் 1098-க்கு போன் போடுங்கள். காசு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்பு கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். சொந்த வீட்டில் சேர்க்க வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இல்லம் என்பது கடைசி வழி.

போட்டோ வேண்டாம்!

2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை ஜெயில். எனவே பணம் கொடுக்கும் முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேக் வெட்டி, பிள்ளைகளோடு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். இல்லத்துப் பிள்ளையின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது குற்றம். 6 மாதம் வரை ஜெயில் உண்டு.

அந்த 18-வது பிறந்த நாள்

உங்கள் பிள்ளைக்கு 18 வயது ஆனால் வீட்டில் விருந்து. இல்லத்துப் பிள்ளைக்கோ அன்று பெட்டியைக் கட்ட வேண்டிய நாள்! 21 வயது வரை பின்தொடர் உதவிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் தங்க ஒரு ரூம், ஒரு வேலை, "சாப்டியாப்பா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா? கருணாபுரத்துப் பிள்ளை கையில் அன்றைக்குப் பணம் இருக்கும். அதைப் பறிக்கவும் நாலு பேர் சுற்றி வருவார்கள். பேங்கில் எப்படிப் போட்டு வைப்பது என்று சொல்லித்தரவும் ஆள் தேவை.

கடைக்கார அண்ணாச்சிகளே, 18 முடிந்த ஒரு பையனுக்கு வேலை கொடுங்கள். ஆபீஸ் போகும் அன்பர்களே, இல்லத்தாரிடம் அனுமதி பெற்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பிரியாணி போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் அடுத்த வாரமும் போங்கள்!