இரவுக் குளிசைக்கு யார் பொறுப்பு?

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் முதியோர் இல்லங்களில் இருக்கும் தமிழ்ப் பெரியவர்கள் பலரின் பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார்கள். "அம்மா குளிசை போட்டவவா?" என்று தொலைபேசியில் கேட்டால், "ஓம், குடுத்தாச்சு" என்று பதில் வரும். கொடுத்தது யார், எத்தனை மணிக்கு என்று மேற்கொண்டு கேட்பவர்கள் குறைவு.

இல்லத்தில் ஒரு வேளை மருந்து தவறினால் அதைப் பெரியவரின் மறதி என்று சொல்வது அநியாயம். அங்கே மருந்து இருப்பது இன்னொருவர் கையில். இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், பத்தில் ஏழு பேருக்கு மருந்து விஷயத்தில் ஏதாவதொரு பிழை நேர்ந்திருந்தது. ஆளுக்கு மிஞ்சிய வேலை, மருந்து கொடுக்கும் நேரத்தில் குறுக்கிடும் அழைப்புகள், டொக்டரும் பாமசியும் இல்லமும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமை எல்லாம் காரணங்கள்.

இங்கே இலங்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாமசியில் குளிசைகளை எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே பேனையால் கிறுக்கித் தருவார்கள். பிரஷருக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு ஒன்று என்று ஆறேழு உறைகள் சேர்ந்துவிடும். போன மாதம் வெள்ளையாக இருந்த குளிசை, கொம்பனி மாறியதும் இந்த மாதம் மஞ்சளாக வரும். பகல் வேலைக்காரர் போய் இரவுக்கு வருபவர், இது புதிய மருந்தா பழையதா என்று தெரியாமல் உறையை ஒதுக்கி வைத்துவிடுவார். கிளினிக்கில் மருந்து இல்லாமல் "வெளியில வாங்குங்கோ" என்று எழுதிக் கொடுத்த துண்டு, காசு வரும்வரை கொப்பிக்குள்ளேயே கிடக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் காசிருந்தும் பல மருந்துகள் கிடைக்கவில்லை.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. ஒரு நாள் விற்றமின் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா பிந்தினால் உடல் விறைத்து, விழுங்கவே முடியாமல் போகலாம். பிறகு அடுத்த வேளைக் குளிசையும் இறங்காது. வலிப்பு மருந்தும் இன்சுலினும் அப்படித்தான் ஆபத்தானவை. விட்டதை ஈடுகட்ட இரண்டாகக் கொடுப்பது அதைவிட மோசமாகலாம். டொக்டரைக் கேட்க வேண்டும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின்கீழ் இல்லங்களுக்குப் பதிவு உண்டு. கட்டிலையும் கழிவறையையும் பார்க்க வருபவர்கள் மருந்துப் பதிவேட்டையும் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம். விழுங்கியதைக் கண்ட பிறகே கையொப்பம். கொடுக்காவிட்டால் ஏன் என்று ஒரு வரி. வெளிநாட்டுப் பிள்ளைகள் அந்தத் தாளை வாரத்துக்கொரு தரம் வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.