பத்தடிக் காம்பராவுக்குள் குத்துச்சண்டை

வீடியோ கேம் என்றதும் எமக்கு நினைவு வருவது, படிப்பை விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் குந்தியிருக்கும் பையன்கள்தான். கண் கெடும், நேரம் கெடும் என்று ஏசுவோம். ஆனால் உட்கார்ந்திருந்தால் ஓடாத ஒரு வகை விளையாட்டும் இருக்கிறது. கையை வீசினால் திரையில் இருக்கும் பொம்மையும் கையை வீசும். குத்தினால் அதுவும் குத்தும். உடலை அசைத்து ஆடும் இந்த விளையாட்டுகளில் குத்துச்சண்டை, கராத்தே போன்ற சண்டைக் கலைகளின் அசைவுகளை உடற்பயிற்சியாக்கித் தருபவை பல உண்டு. வெளியே வகுப்புக்குப் போக முடியாத பெண்களுக்கு வீட்டுக்குள் இது எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றியே எழுத நினைத்தேன்.

நான் வேலை செய்வது பசறைப் பக்கத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில். பதுளை டவுனில் கராத்தே வகுப்பு நடக்கிறது என்று சொன்னால், எங்கள் லயத்துப் பெண்கள் முதலில் கேட்பது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றுதான். அதற்குப் பிறகு கட்டணம், அதற்கும் பிறகு வீட்டிலும் லயத்திலும் என்ன சொல்வார்கள் என்ற யோசனை. வடக்கு, கிழக்கில் இருக்கும் சகோதரிகளுக்கும் இந்த மூன்று கேள்விகளும் புதியவையாக இருக்காது.

எங்கள் லயத்துக்கு இந்தப் பெட்டி வந்தது குவைத்திலிருந்து. அங்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு பிள்ளை திரும்பி வரும்போது, அந்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய நின்டெண்டோ வீ பெட்டியைத் தம்பிக்கென்று கொண்டு வந்தாள். ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ இதை 2006 நவம்பரில் விற்பனைக்கு விட்டது. 2013இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே இன்று கிடைப்பவை எல்லாம் பழையவை.

அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலது கையில் டீவி ரிமோட் போன்ற ஒன்று. குத்துச்சண்டை ஆடும்போது இடது கையில் வயரால் இணைத்த இன்னொன்று. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை உணரும் சிறிய கருவி இரண்டுக்குள்ளும் இருக்கிறது. டீவிக்கு மேல் வைக்கும் நீளமான பட்டை ஒன்றும் உண்டு. ஏதோ பெரிய கருவி என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும் விளக்குகளே அதற்குள் இருப்பவை. அது பழுதானால் இரண்டு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்தாலும் ரிமோட் அதை ஏற்றுக்கொள்ளும்! பெட்டிக்குத்தான் கரண்ட் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களில் மெழுகுவர்த்தி இருந்தும் பயனில்லை.

வேறு வகைகளும் வந்தன. சோனி நிறுவனம் 2005இல் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கு ‘ஐடோய் கினெட்டிக்’ என்ற உடற்பயிற்சி விளையாட்டை வெளியிட்டது. கையில் ஒன்றும் பிடிக்கத் தேவையில்லை. ஒரு கமரா ஆளைப் படம் பிடித்து டீவியில் காட்டும், திரையில் வருவதை நாம் அடிக்க வேண்டும், உதைக்க வேண்டும். மைக்ரோசொப்ட் 2010 நவம்பரில் கொண்டு வந்த ‘கினெக்ட்’ இன்னும் முன்னேறியது. அது உடம்பின் இருபது மூட்டுகளைப் பின்தொடரும். கை, கால், இடுப்பு எல்லாவற்றையும் பார்க்கும். முதல் அறுபது நாட்களில் எண்பது இலட்சம் விற்றுச் சாதனை படைத்த அந்தக் கருவியின் உற்பத்தி 2017இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பின் வந்த நின்டெண்டோ சுவிட்ச் பெட்டிக்குக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கென்றே ‘ஃபிட்னஸ் பொக்சிங்’ என்ற விளையாட்டு உண்டு.

கினெக்ட்டுக்கு முன்னால் ஒருவர் ஆட ஆறடி தூரம் விலகி நிற்க வேண்டும். இருவர் ஆடினால் எட்டடி. லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் கட்டில், அலுமாரி, சாமிப்படம், உடுப்புப் போடும் கொடி, டீவி. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு பேர் படுக்கும் இடம். கையில் பிடித்து ஆடும் வகை மட்டுமே எங்களுக்குச் சரி. அதிலும் கட்டிலை இஸ்தோப்புக்கு நகர்த்திவிட்டுத்தான் ஆடினோம். கைப்பட்டியைக் கட்டாயம் மாட்டிக்கொள்ள வேண்டும். வியர்வையில் ரிமோட் வழுக்கிப் பறந்து டீவி உடைந்த கதைகள் உலகம் முழுக்க வந்து, 2006 டிசம்பரில் நின்டெண்டோ முப்பத்திரண்டு இலட்சம் கைப்பட்டிகளை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது.

நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் பெண்ணுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று எங்கள் தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கொழுந்து எடுக்கும்போது கை எப்போதும் முன்னாலேயே இருக்கிறது. தலை குனிந்திருக்கிறது. முதுகில் பாரம். கையை முழுதாக நீட்டி, தோளைப் பின்னுக்கு இழுத்து, மார்பை விரித்து மூச்சு விடும் அசைவு அந்த வேலையில் இல்லை. இன்னொன்றும் உண்டு. மலையில் உடம்பு அசைவது றாத்தலுக்காக. வீட்டில் அசைவது பிள்ளைக்கும் அடுப்புக்குமாக. பத்து நிமிடம் தனக்காகக் கையை வீசுவது வேறு விஷயம். அது தேவையில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி குறைகளுக்கு வருவோம். இங்கிலாந்தின் லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் பதின்மூன்று முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பதினொரு பேரை வைத்து இந்த வீ விளையாட்டுகளை ஆராய்ந்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். உட்கார்ந்து ஆடும் விளையாட்டைவிட இதில் கூடுதலான சக்தி செலவாகிறது. ஆனால் உண்மையான விளையாட்டைக் களத்தில் ஆடும் அளவுக்கு இல்லை என்பதே அவர்கள் கண்டது. எங்கள் லயத்திலும் இதைப் பார்த்தோம். முழுக் கையையும் வீசிக் குத்திய அக்காவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் தோற்றுப்போனாள். கட்டிலில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டிய எட்டு வயதுப் பையன் வென்றான். பெட்டி புள்ளி போடுவது ரிமோட்டின் அசைவுக்கு. உங்கள் நிலை சரியா, இடுப்பு திரும்பியதா, கால் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இந்தக் குருட்டுத்தனம் குறைதான். ஆனால் அது யாருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். என் மாமா மகள், எனக்கு மதினி முறை, கிளிநொச்சியிலிருந்து ஒரு கலியாணத்துக்காக வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்தாள். 1983 கலவரத்துக்குப் பின் பதுளையை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. 2009இல் ஷெல் பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலோடு நடப்பாள், சமைப்பாள், ஆனால் நாலு பேர் பார்க்க வேகமாக ஒரு அசைவும் அசையமாட்டாள். பிள்ளைகள் வற்புறுத்தியதில் கதிரையில் உட்கார்ந்தபடியே ரிமோட்டை வாங்கினாள். மூன்றாவது சுற்றில் திரையிலிருந்த பொம்மை விழுந்தது. “இந்தப் பெட்டிக்கு என்ர காலைப் பற்றி ஒண்டும் தெரியாது, என்ன?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அதன்பின் அந்த மாதம் முழுவதும், ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு ஆடினாள்.

காயம்பட்ட சகோதரிகள் ஆடுவதாக இருந்தால் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தின் கூச்சலும் அடி விழும் ஓசையும் சிலருக்கு ஒத்துவராது. மதினிக்கு ஒத்துவரவில்லை. டீவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுத்தான் ஆடினாள். மனித முகத்தைக் குத்தப் பிடிக்காதவர்களுக்கு, தாளத்துக்கு ஏற்பக் குறிகளை மட்டும் குத்தும் வகை நல்லது. ‘ஃபிட்னஸ் பொக்சிங்’ அப்படிப்பட்டது. கதிரை சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், வெடித்த பிளாஸ்டிக் கதிரை ஆகாது. தோளிலோ நெஞ்சிலோ குண்டுச் சிதறல் இருப்பவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களுக்கு வெளியே மடக்கி, மணிக்கட்டை நேராக வைத்துக் குத்துங்கள். வெறும் காற்றைக் குத்தும்போது முழங்கையை இறுதிவரை உதறி நீட்டினால் மூட்டு வலிக்கும். முதல் வாரம் ஒரு நிமிடம் ஆடி ஒரு நிமிடம் ஓய்வு போதும். 2007இல் ஒரு வைத்தியர் பல மணி நேரம் வீ டெனிஸ் ஆடித் தன் தோளையே நோகவைத்துக்கொண்டு, அதற்கு ஒரு நோய்ப் பெயரும் வைத்து மருத்துவ சஞ்சிகைக்கு எழுதினார். கொழுந்து எடுத்துக் களைத்த தோள் அந்த அளவுக்குக்கூடத் தாங்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டு தற்காப்புப் பயிற்சி அல்ல. திரையில் இருப்பவன் உங்கள் கையைப் பிடித்து முறுக்கமாட்டான், தலைமுடியைப் பிடிக்கமாட்டான். நூறு சுற்று வென்றவள் நிஜமான ஒருவனைச் சமாளிப்பாள் என்று நம்புவது ஆபத்து. ஆபத்து வந்தால் சத்தம் போட்டு ஆளைக் கூட்டுவதும், விலகி ஓடுவதும், பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்தை அழைப்பதுமே முதல் வேலை.

நிலையையும் காலடியையும் ஆள்தான் பார்த்துத் திருத்த வேண்டும். எமது பழைய கலைகளில் அப்படித்தான். கேரளத்துக் களரிப்பயிற்றில் ஆசான் வாயால் கட்டளை சொல்லிக்கொண்டே போவார். வாய்த்தாரி என்பார்கள். அந்தக் குரலுக்கு ஏற்ப மாணவர் அசைய வேண்டும். தாளத்துக்கு ஏற்பக் குத்தச் சொல்லும் விளையாட்டின் ஏற்பாடும் இதுதான். ஆனால் ஆசானுக்குக் கண் இருக்கிறது. வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா எழுபது வயதைத் தாண்டியும் களரி கற்பித்து, 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்தக் களரியின் அளவு வழக்கமாக நாற்பத்திரண்டுக்கு இருபத்தொரு அடி. எங்கள் காம்பராவில் ஏழு எட்டை அதற்குள் வைக்கலாம்!

ஊவாவுக்கும் சண்டைக் கலை புதிதல்ல. 1817-18 ஊவா வெல்லஸ்ஸ எழுச்சியை அடக்கிய வெள்ளைக்காரர்கள் சிங்களவரின் அங்கம்பொர கலையைத் தடை செய்தார்கள் என்றும், குடும்பங்கள் அதை இரகசியமாக வீடுகளுக்குள் கற்பித்துக் காப்பாற்றின என்றும் அக்கலையைப் பயில்பவர்கள் சொல்கிறார்கள். தோட்டங்களில் எங்கள் பாட்டன்மார் கொண்டு வந்த சிலம்பம் உண்டு. திருவிழாவில் சாமிக்கு முன்னால் ஆண்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். கம்பு நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பதால் லயக் கூரைக்குக் கீழே அதைச் சுற்ற முடியாது. ஆனால் சிலம்பத்தில் முதலில் பழகுவது கம்பையல்ல, காலடியை. அதற்கு நாலடி இடம் போதும். வெறுங்கையால் செய்யும் குத்துவரிசைக்கும் அப்படியே.

பெட்டியின் விலையைச் சொன்னால் சிலர் மனம் சோர்ந்துவிடுவீர்கள். 2024 செப்டெம்பரில் தோட்டச் சம்பளம் நாளுக்கு 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மாதம் இருபத்தைந்து பேர் போட்டாலும் 33,750 ரூபா. அது முழுவதையும் எடுத்து வைத்தாலும் புதிய சுவிட்ச் பெட்டிக்குக் காணாது. கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருள் அல்ல இது. வெளிநாட்டிலிருந்து யாராவது பழையது கொண்டு வருவதாக இருந்தால், மின் இணைப்புக் கருவியில் 230 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கா, கனடாப் பெட்டியின் கருவி இங்கே செருகிய உடனே கருகிவிடலாம்.

எங்கள் பெட்டி சென்ற மழைக்காலத்தில் இசுவையெடுக்க மறுத்துவிட்டது. தட்டைப் போட்டால் உறுமுகிறது, படம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் கழுவி முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் அதே காம்பராவில் கூடுகிறோம். கைத்தொலைபேசியில் நிமிடத்தை வைத்துவிட்டு, இரண்டு பேர் குத்துவதும் இரண்டு பேர் பார்த்துத் திருத்துவதுமாக மாறி மாறிச் செய்கிறோம். கோயிலில் சிலம்பம் ஆடும் பெரியவரின் மகள் காலடி நான்கு சொல்லித் தந்திருக்கிறாள். மதினி கிளிநொச்சியிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். உட்கார்ந்து செய்யக்கூடிய கைவரிசையை எண்ணிக்கையோடு சொன்னேன். அவள் வீட்டில் இடம் எங்களைவிடக் கூட, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியும் வருகிறாளாம்.